சொல்லின் வேரும் போரின் பறையும்

ஆண்டிமடத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பேருந்தின் நெற்றியில் எழுதப்பட்டிருக்கும் ஊர்ப்பெயரே ஒரு போர்ச்சொல். ஜெயங்கொண்டம் என்பது ஜெயங்கொண்ட சோழபுரம் என்பதன் சுருக்கம். அதற்கும் அப்பால் கங்கைகொண்ட சோழபுரம். ஒன்று வெற்றியைக் கொண்டதைச் சொல்கிறது. மற்றொன்று கங்கையைக் கொண்டதைச் சொல்கிறது. முந்திரிக்கொட்டை மூட்டையோடும் புத்தகப் பையோடும் நாள்தோறும் இவ்வூர்களுக்குச் சென்று மீள்கின்ற நாம், பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்ப்பின், அப்பொருளில் நம் முன்னோர்க்கும் ஒரு கணக்கு உண்டு என்பது புலனாகும்.

கொள் என்னும் வினையடி தமிழில் மிகப் பழையது. கடையில் பொருள் கொள்வதும், பெண் கொள்வதும், கருத்தில் கொள்வதும் அதன் கிளைகளே. கொள்ளை என்னும் சொல்லும் அதில் பிறந்ததே. கொண்டி என்னும் பெயரும் அவ்வேரினது. சங்க நூல்களில் கொண்டி என்றால் பகைவர் நாட்டில் கவர்ந்து கொண்ட பொருள். பிறர் பயிரை மேய்ந்து திரியும் மாட்டைக் கொண்டி மாடு என்கிறோம் அல்லவா, அந்தக் கொண்டிதான் இது. பட்டினப்பாலையில் கொண்டி மகளிர் என்று ஒரு கூட்டத்தார் வருகின்றனர். காவிரிப்பூம்பட்டினத்துப் பொதுமன்றத்தில், நீர்த்துறையில் மூழ்கி வந்து, அந்தி வேளையில் விளக்கேற்றுவது அவர்கள் பணி. போரில் பகைவர் நாட்டினின்றும் பிடித்துக் கொண்டுவரப்பட்ட பெண்கள் இவர்கள் என்பது உரை. அப்பாட்டின் தலைவனாகிய கரிகாலனின் பெயர் பள்ளிப் பிள்ளைகள் எல்லார்க்கும் தெரியும். விளக்கேற்றிய பெண்களுள் ஒருத்தியின் பெயரும் யார்க்கும் தெரியாது. ஆயினும் கொண்டி என்ற ஒரு சொல், அவர்கள் அங்கே எப்படி வந்தனர் என்பதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. சொல்லின் வேரை ஆராய்வதன் பயன் இதுவே. கல்வெட்டை வெட்டுவித்தவன் அரசன். சொல்லை ஆக்கியவர் ஊரார். அரசன் மறைத்ததும் சொல்லில் தங்கிவிடும்.

முதலாம் இராசேந்திரன் (1014–1044) வடநாட்டுப் படையெடுப்பின் வெற்றிக்கு அறிகுறியாக எழுப்பிய தலைநகரம் நம் பகுதியில் உள்ளது. கோயிலை 2004ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களுள் சேர்த்துள்ளனர். மாளிகைமேட்டில் அகழாய்வு செய்து அரண்மனைச் செங்கற் சுவர்களை வெளிக்கொணர்ந்துள்ளனர். கங்கை நீரால் ஆகிய வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழும் சோழகங்கம், இன்று பொன்னேரி எனப்படுகிறது. இவையெல்லாம் சுற்றுலா வருவோர் காண்பவை. அவர்கள் காணாமல் செல்வது அருகிலுள்ள செங்கமேடு. கலிங்க நாட்டுச் சிவந்த மணற்கல்லில் வடித்த காளி, பைரவர் சிற்பங்கள் அங்கே உள்ளன. நம் ஊர்க் கல் அன்று அது. நம் ஊர்ச் சிற்பியின் கையும் அன்று. போரில் கொண்ட கொண்டி அது. கல்லைச் சுமந்து வந்த தோள்கள் யாருடையவை என்று இளைஞர்கள் ஒருமுறை அங்கே நின்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

வேர் காணும் முயற்சியில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒலி ஒன்றாயிருப்பதனாலேயே வேரும் ஒன்றாகிவிடாது. பறை என்பது கொட்டும் கருவி. சங்கப் பாட்டில் பறை என்பது பறவையின் சிறகும் ஆகும். நெல் அளக்கும் மரக்கால் வகையும் ஆகும். இம்மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி மேடையில் கைதட்டு வாங்குவோர் உளர். கைதட்டு வேறு, ஆராய்ச்சி வேறு. ஒரு சொல் வழங்கும் இடங்களைப் பல நூல்களிலும் பார்த்து, இனமொழிகளிலும் ஒப்பிட்டு, அதன் பின்னரே இது இதன் வேர் என்று சொல்ல வேண்டும்.

போர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பொரு என்பது மோதுதல், எதிர்த்தல். அதிலிருந்து வந்தது போர். பொருநன் என்றால் போர்வீரன். கொட்டிப் பாடும் கலைஞனும் பொருநனே. பொருநருள் ஏர்க்களம் பாடுவோர், போர்க்களம் பாடுவோர், பரணி பாடுவோர் என்று மூவகையினரை நச்சினார்க்கினியர் கூறுகிறார். நம் வீட்டுப் புறக்கடையில் நிற்கும் வைக்கோற்போரும் ஒலியில் போர்தான். களம் என்னும் சொல்லைப் பாருங்கள்; நெல்லடிக்கும் இடமும் களம், ஆளை அடிக்கும் இடமும் களம். பழம்புலவர்கள் இவ்வொப்புமையை விரும்பிக் கையாண்டனர். குருதி நீராக, குதிரையும் யானையும் எருதாக, பிணக்குவியல் நெற்போராக, அரசனை உழவனாக்கிப் பாடுவது ஒரு மரபு. தொல்காப்பியரும் ஏரோர் களவழியையும் தேரோர் களவழியையும் அருகருகே வைத்தே வாகைத் திணையில் சொல்கிறார்.

உழுகின்ற மக்களாகிய நமக்கு இவ்வுருவகம் இனிப்பதில்லை. உழவு ஒன்றைப் பத்தாக்கும்; போர் பத்தை இல்லையாக்கும். அன்றியும், போரில் முதலில் அழிவது உழவன் நிலமே. பகைவர் நாட்டை எரியூட்டுவது வஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்று. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை அதற்கு இட்டிருக்கும் பெயர் உழபுல வஞ்சி. உழபுலம் என்றால் உழுத நிலம். பெயர் வைத்தவர் அறிந்து வைத்தாரோ, அறியாமல் வைத்தாரோ, எரிந்தது எது என்பதைப் பெயரே சொல்லிவிட்டது. போர் தொடங்குமுன் பசு, பார்ப்பனர், பெண்டிர், பிணியாளர், பிள்ளைப்பேறு இல்லாதோர் ஆகியோரை அரண் தேடிச் செல்லுமாறு அறிவித்த அறப்போர் முறையை நெட்டிமையார் பாட்டால் அறிகிறோம். நம் பாடநூல்களும் அதைப் பெருமையுடன் கூறும். பெருமைதான். ஆயின் அப்பட்டியலில் வயலில் நிற்கும் ஆள் இல்லை.

பரணி என்னும் நூல்வகையும் இவ்வாறே நம்மைச் சிந்திக்க வைக்கிறது. முதற் குலோத்துங்கன் காஞ்சியில் வீற்றிருக்க, அவன் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் 1110ஐ ஒட்டிக் கலிங்கத்தின்மேல் சென்று வென்றதைச் செயங்கொண்டார் பாடினார். நம் அண்டை ஊரின் பெயரும் அப்புலவரின் பெயரும் ஒன்றாயிருப்பது காண்க. வென்றவன் சோழன், நூலின் பெயரோ கலிங்கத்துப் பரணி. தோற்றவர் பெயரால் பரணியை வழங்குவது மரபு. இம்மரபினால் கலிங்கம் தமிழில் அழியாமல் நின்றுவிட்டது. அந்நூலில் வீரர்களை விட நம் மனத்தில் நிற்பவை பேய்களே. அவை பசியால் வற்றி, காளியிடம் முறையிடுகின்றன. மாயம் கற்ற ஒரு பேய் பொய்யான போர்க்களம் ஒன்றை உண்டாக்கிக் காட்ட, மற்றவை பாய்ந்து விழுந்து வெறுங்கையை நக்குகின்றன. பிறகு உண்மையான போர் நடக்கிறது; களத்தில் விழுந்தவற்றைக் கொண்டே கூழ் அட்டு உண்கின்றன. வீரச்சுவை, நகைச்சுவை என்று தேர்வுக்கு எழுதலாம். நாம் கேட்பது வேறு. அரசவைப் புலவர் பேய்க்கு ஏன் கூழைக் கொடுத்தார்? நெய்ச்சோறு கொடுத்திருக்கலாமே. கூழ் யாருடைய உணவு என்பதை ஆண்டிமடத்துக்காரர்க்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெற்றியின் மறுபக்கத்தில் பசித்த வயிறுகள் நின்றன என்பதைப் புலவரின் நாக்கு அறிந்திருந்தது என்றே நாம் கொள்கிறோம்.

இதே கலிங்கத்தின்மேல் ஏறத்தாழ ஆயிரத்து முந்நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே அசோகன் படையெடுத்தான். தன் 13ஆம் பாறைக் கட்டளையில் 1,00,000 பேர் கொல்லப்பட்டனர், 1,50,000 பேர் பிடித்துக்கொண்டு போகப்பட்டனர், அதனினும் பன்மடங்கினர் மாண்டனர் என்று எழுதி, அதற்காக வருந்துவதாகவும் பொறித்தான். வென்றவனே கொண்டிக்குக் கணக்கு எழுதி வருந்தியது உலக வரலாற்றில் அரியது. ஆனால் தவுலி, சௌகடா என்னும் கலிங்க நாட்டுப் பாறைகளில் மட்டும் அக்கட்டளை இடம் பெறவில்லை. வருத்தத்தை அடிபட்டவர் முன் சொல்வது அரசர்க்குக் கடினம் போலும்.

இனி நமக்கு மிக நெருங்கிய சொல்லுக்கு வருவோம். நம் பிள்ளைகள் தலைகுனிந்து கேட்பதும், பிறர் வாயில் வசையாக வருவதும், நாமே சில வேளை சொல்லக் கூசுவதும் ஆகிய சொல்: பறை.

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில், யாழ் ஆகியவற்றோடு பறையையும் சேர்க்கிறார். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரி கிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குச் சூறைகோட்பறை என்று உரைகள் விரிக்கின்றன. ஆக, பறை என்பது ஒரு சாதியின் கருவிக்குப் பெயர் அன்று. தோற்கருவி அனைத்துக்கும் பொதுப்பெயர். பறை இல்லாத நிலம் தமிழகத்தில் இருந்ததில்லை.

அதன் வேர்ப்பொருளையும் காண்க. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் பேசுவதைப் பறைதல் என்றே வழங்குகின்றனர். குமரி மாவட்டத்துப் பேச்சிலும் அது உண்டு. இது பறைக்கு மட்டும் நேர்ந்த தற்செயல் அன்று. அறைதல் என்பது அடித்தலையும் குறிக்கும்; அறிவித்தலையும் குறிக்கும். இயம் என்றால் வாத்தியம்; இயம்புதல் என்றால் ஒலித்தலும் சொல்லுதலும். தமிழன் தோலை அடித்ததும் நாவால் சொன்னதும் ஒரே செயலின் இரு பக்கங்களாக இருந்த காலத்தை இச்சொற்கள் காட்டுகின்றன. ஊருக்குச் செய்தி சொல்லும் வாய் பறை. வெள்ளம் வருகிறது, பகை வருகிறது, ஏரியில் மடை திறக்கிறது, அரசன் ஆணை இது என்பனவெல்லாம் அவ்வாய் சொன்னவை.

போரில் முதலிடம் முரசுக்கு. பகைவரின் காவல்மரத்தை வெட்டிச் செய்து, மற்றோர் ஏற்றைப் பொருது வென்ற ஏற்றின் தோலைப் போர்த்து, குருதிப் பலியிட்டு வழிபட்ட முரசு அரசனுக்கு உயிர் போன்றது. முரசு கட்டிலில் அறியாது ஏறி உறங்கிய மோசிகீரனார் வாளால் இரு கூறாக்கப்பட வேண்டியவர். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அவர்க்குக் கவரி வீசிய கதையை யாவரும் அறிவோம். ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம்: அம்முரசின் தோலை உரித்தவன், பதப்படுத்தியவன், வார் பிடித்தவன், குறுந்தடி கொண்டு அடித்தவன் என்று ஒருவன் இருந்தான். தோல் புனிதமாயிற்று; தொட்ட கை புனிதமாகவில்லை.

புறநானூற்றின் 335ஆம் பாட்டு மாங்குடி கிழார் பாடியது. சிதைந்த பாட்டு, ஆயினும் நமக்கு அது ஓர் ஆவணம். குரவு முதலிய நான்கு மலர்களையும், வரகு, தினை, கொள், அவரை என்ற நான்கு உணவுகளையும் சொல்லி, துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வர் அல்லாது வேறு குடிகள் இல்லை என்கிறது. பகைவர் முன் நின்று யானையைக் கொன்று வீழ்ந்தவனின் நடுகல்லைத் தவிர நெல் சொரிந்து வழிபடும் தெய்வம் வேறில்லை என்றும் முடிக்கிறது. நெல் விளையாத, வரகும் கொள்ளும் விளையும் புன்செய் ஊர் அது. நம் செம்மண் காடுகளைப் போன்றது. அவ்வூரின் குடிப் பட்டியலில் பறையன் கடைசியில் இல்லை, வெளியிலும் இல்லை.

இப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு சங்க காலம் பொற்காலம் என்று நம்மவர் சிலர் பேசுவதை நாம் ஏற்பதில்லை. 287ஆம் பாட்டில் துடி அடிப்பவனைப் புலையன் என்றும், கோல் ஏந்தியவனை இழிசினன் என்றும் விளிக்கிறார் சாத்தந்தையார். இழி என்னும் வேர் கீழிறங்குதலைக் குறிப்பது. அதைப் பூசி மெழுகுவதில் பயன் இல்லை. அம்பு மழையாக வந்தாலும் பின்வாங்காத வீரனின் சிறப்பை அவர்களிடம் எடுத்துச் சொல்கிறது அப்பாட்டு. அம்பு மழை வீரன்மேல் மட்டுமா பெய்யும்? துடியடிப்பவனும் அதே களத்தில்தான் நிற்கிறான். கையில் கேடயமும் இல்லை. மருத நிலத்து ஊரைப் பரிசிலாகப் பெறுவதையும் அப்பாட்டு குறிப்பிடுகிறது. ஊரைப் பெறுபவன் வீரன். துடியனுக்கு என்ன என்பதைப் பற்றிப் பேச்சில்லை.

அதே புலவரின் 82ஆம் பாட்டு இன்னும் உருக்கமானது. ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வானில் மழை, பொழுதும் சாய்கிறது. இந்நிலையில் கட்டில் பின்னும் இழிசினன் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைந்து ஓடுமோ, அவ்வளவு விரைவில் நடந்தது போர் என்கிறார். போரின் வேகத்துக்கு உவமை தேடிய புலவர், ஒரு தொழிலாளியின் நெஞ்சுக்குள் போய் வந்திருக்கிறார். மனைவி வலியில் கிடக்கும்போதும் அவன் ஏன் ஊசியை விடவில்லை? விட முடியாத நிலை. நமக்குப் போர்வீரனின் வெற்றியை விட அந்த ஊசியே பெரிதாகத் தோன்றுகிறது.

இங்கிருந்து ஆயிரம் ஆண்டு கடந்து, 1014ஐ ஒட்டிய தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளுக்கு வந்தால், ஊர்களின் இறையிலி நிலங்களுள் குளம், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனியே எழுதியிருப்பதைக் காண்கிறோம். புறநானூற்றில் ஊருக்குள் இருந்த பெயர், கல்வெட்டில் ஊருக்கு அப்பால் ஒரு சேரியாகிவிட்டது. சொல் மாறவில்லை, வேரும் மாறவில்லை. மாறியது நிலத்தின் உடைமை. நெல் விளையும் நிலம் யார் கையில் சென்றது, அதில் யார் கூலிக்கும் அடிமைக்கும் இறங்கினர் என்பதில்தான் இழிவின் காரணம் இருக்கிறது. பறையின் தோலில் இல்லை. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கையை அடுத்து 1892இல் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது இதனை உணர்ந்தே. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் தேடிக்கொண்டிருப்பது அதனையே.

பெயரின் பொருளுக்காக நம் முன்னோர் நடத்தியதும் ஒரு போர். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் பறையர் என்பதைப் பறையிலிருந்து வந்ததாகக் கொண்டார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் இதழ் தொடங்கியபோது அதற்குப் பறையன் என்றே பெயரிட்டார். எப்பெயரால் இழித்தனரோ அப்பெயரையே தலையில் சூடிக்கொண்டு முன்னேறுவது அவர் வழி. 1907இல் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் அவ்வழியை ஏற்கவில்லை. அப்பெயர் பகைவர் சுமத்தியது, நாம் பூர்வ பௌத்தர் என்றார். எம்.சி. ராஜா 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்து, அரசு ஏடுகளில் ஆதிதிராவிடர் என்னும் பெயர் வழங்க வழி செய்தார். மூவரும் மூன்று விதமாகப் பேசினர் என்று எள்ளுவோர்க்கு நாம் சொல்வது: ஒரே பகைக்கு எதிராக மூன்று வாயிலில் நின்றனர். இதற்கிடையே அச்சொல் கப்பலேறி, ஐரோப்பிய மொழிகளில் பரையா என்று நுழைந்து, ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளைப் பெற்றது. இன்றும் போர் மூட்டிய நாட்டை உலகம் ஒதுக்கும்போது ஆங்கில நாளிதழ்கள் பரையா ஸ்டேட் என்று எழுதுகின்றன. போர் தொடுத்தவனுக்கு, செய்தி சொன்னவன் பெயரைச் சூட்டும் விந்தையை என்னவென்பது! நம் பிள்ளைகள் பத்திரிகை ஆசிரியர்க்குக் கடிதம் எழுதும் அளவுக்கு ஆங்கிலம் கற்க வேண்டும். முதற் கடிதம் இதைப் பற்றியதாக இருக்கட்டும்.

சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று நம் ஊர்களில் இளைஞர்கள் மறுத்தபோது பெரியவர்களுள் சிலர் அஞ்சினர். களத்துமேட்டுக் கூலி நின்றுவிடும் என்றனர். சில ஊர்களில் நின்றும் போயிற்று. இன்று அதே பறையைக் கல்லூரி மேடைகளில் பெண் பிள்ளைகளும் விரும்பிக் கற்று அடிக்கின்றனர். மறுத்தவர் செய்தது சரி; இவர்கள் செய்வதும் சரி. ஏவலுக்கு அடித்த பறையில் அடிப்பவன் பேச்சு இல்லை. ஏவியவன் பேச்சே இருந்தது. பறைதல் என்னும் வேர்ப்பொருள், தன் விருப்பால் அடிப்பவனுக்கே பொருந்தும்.

மணிமேகலையின் முதற் காதைக்கு விழாவறை காதை என்று பெயர். முன் சொன்ன அறைதலே அங்கும் உள்ளது. இந்திர விழாவை அறிவிக்க யானையின் பிடரியில் ஏற்றப்படுவது, காளையின் தோல் போர்த்த, இடிபோல் முழங்கும், குருதி வேட்கை கொண்டு கூற்றுவனை அழைக்கும் போர்முரசு. அதை அடிப்பவனைப் பழங்குடியில் பிறந்தவன் என்கிறார் சாத்தனார்; பெயர் சொல்லவில்லை. அவன் அதை அடித்துக்கொண்டே நகரை வாழ்த்துகிறான். மழை பொழிக என்கிறான். தெருவில் புதுமணல் பரப்புங்கள் என்கிறான். இருபத்தெட்டு நாளும் பகைவரோடும் சினம் கொள்ளாமல், கலகம் செய்யாமல் விலகிச் செல்லுங்கள் என்கிறான். பசியும் நோயும் பகையும் நீங்குக என்று சொல்லி முடிக்கிறான்.